விரதகாரியின் நோவு

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கே எங்கள் கடை எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்தோடு என் கணவரும் புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தார். உடுத்த சாரமும் தாடியுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்து வீடு முழுவதும் அழுதது. நானும் அழுதேன். அழுதபடியே எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: இனி இவர் திரும்பிப் போகமாட்டார், ஒவ்வொரு நாளும் இங்கேதான் இருப்பார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ பயம் பிடித்தது.

எங்கள் தீவில் பாதி ஆண்கள் தெற்கே கடை வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார்கள், கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போவார்கள். எங்கள் குடும்பமும் அப்படி நடந்த குடும்பம்தான். மகள் பிறந்த பிறகு, அவரோடு சேரும்போது எனக்கு நோகத் தொடங்கியது. புண்ணில் மிளகாய்த்தூள் பட்டதுபோல முதலில் எரியும், பிறகு குத்தும். எப்போதாவது வருகிற மனிதருக்காகப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், கடித்துக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டோடு வந்துவிட்ட மனிதருக்காக எவ்வளவு காலம் பல்லைக் கடிப்பது?

அவர் வந்து முதல் வெள்ளிக்கிழமையே எனக்கு ஒரு வழி கிடைத்தது. "இண்டைக்கு எனக்கு விரதம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். விரத நாளில் பெண்சாதியைத் தொடக்கூடாது என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அட, இது இவ்வளவு சுலபமா என்று இருந்தது எனக்கு.

பிறகு நான் நிறுத்தவில்லை. வெள்ளியோடு சதுர்த்தி சேர்ந்தது, சதுர்த்தியோடு பிரதோஷம். புரட்டாதியில் சனி விரதம், அதோடு நவராத்திரி. ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் தொடங்கியது. புருஷன் நல்லாக இருக்கவேண்டும் என்று பெண்கள் பிடிக்கிற விரதம் அது. நான் புருஷனிடமிருந்து தப்பப் பிடித்தேன். அது முடியக் கந்தசஷ்டி, பிறகு கார்த்திகை விளக்கீடு, பிறகு பிள்ளையார் பெருங்கதை, மார்கழியில் திருவெம்பாவை. சைவசமயத்தின் அருமையை நான் அந்த வருடம்தான் முழுவதாக உணர்ந்தேன். ஒருநேரச் சாப்பாட்டில் நான் மெலிந்து போக, ஊர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. கோயில் வீதியில் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டினார்கள்.

இந்தப் பெயரும் புகழும் எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கை இருந்தாள்.

எங்கள் வழக்கப்படி சீதனமாக அம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பக்கம் எனக்கு வீடு கட்டித் தந்தார்கள். கிழக்குப் பக்கத்துப் பழைய வீடு இளையவளுக்கு. அம்மா அவளோடு இருந்தார். நடுவில் ஒரு பனையோலை வேலி, அதில் போக வர ஒரு பொட்டு. கிணறு மட்டும் இருவருக்கும் பொது. தங்கைக்கு அந்த வைகாசியில்தான் கலியாணம் நடந்திருந்தது. அவளுடைய புருஷனும் என் கணவரோடு அதே கடையில் இருந்தவர், அதே கப்பலில் வந்தவர்.

அவள் வீட்டில் கடை எரிந்ததற்கான அடையாளமே இல்லை. காலையில் அவள் தலை முழுகிவிட்டுக் கிணற்றடியில் நின்று மயிரை உதறுகிற விதத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும். அவள் புருஷன் தண்ணீர் அள்ளிக் கொடுப்பார், அவள் வேண்டுமென்றே வாளியைத் தட்டி அவர்மேல் ஊற்றுவாள். இருவரும் சிரிப்பார்கள். குசினியில் நின்று நான் தேங்காய் துருவுவேன். அந்தச் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் துருவலோடு சிரட்டையும் சேர்ந்து வந்துவிடும். அவளுக்கு நோகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே கிணற்றில் குளிக்கிறவர்கள். எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை என்று சாமி அறையில் இருந்து கேட்டேன். வெளியில் இருந்து பார்த்தவர்கள் நான் தியானத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

பொறாமைக்கு ஒரு ஆள் போதாது போலும். கலவரத்தின்போது ஒரு சிங்களப் பெண்தான் என் கணவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்திருந்தார். கடைக்குப் பின்னால் குடியிருந்தவர், கடையில் நின்றவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர். என் தாலியைக் காப்பாற்றித் தந்தவர். நான் இருந்த இடத்திலிருந்தே அவருக்கு விழுந்து கும்பிட்டிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவவுக்கு என்ன வயசிருக்கும்?"

"ஆர் கண்டது" என்று சொல்லிவிட்டு அவர் சுருட்டைப் பற்றவைத்தார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் என் மனதுக்குள் ஒரு பெண்ணை உருவாக்கினேன். அவளுக்கு நல்ல நிறம், நீண்ட கூந்தல். அவளுக்கும் நோகாது.

மார்கழியில் அம்மா வீட்டு விறாந்தையில் ஒரு பேச்சு நடந்தது. கடை இல்லை, இனி யாராவது ஒருவர் வெளிநாட்டுக்குப் போனால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பெரியும். ஒருவரை அனுப்பத்தான் எங்களிடம் வசதி இருந்தது. மருமக்கள் இருவரில் யார் என்பதை அம்மாவே தீர்த்துவைத்தார்.

"மூத்தவள் விரதகாரி. மனிசன் இல்லாட்டிலும் சாமியோடை இருந்திடுவாள். இளையவளை நினைச்சுப் பாருங்கோ, இப்பத்தானே கட்டினது, வயித்திலையும் உண்டாயிருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார். ஜேர்மனிக்கு வைகாசியில் பயணம் என்று முடிவாகியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எனக்குப் பட்டது. நோவிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. என் நடிப்பை மெய்யென்று எடுத்து என் புருஷனையே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே, தங்கை வீட்டு அடுப்புக்கும் சேர்த்து! அங்கே ஒரு வெள்ளைக்காரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதாகக்கூட நான் அதற்குள் நினைத்துவிட்டேன்.

தையில் தங்கை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டப் போகவேண்டும் என்றாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். போகும் வழியில் பஸ்ஸில் அவள் வாந்தி எடுக்க நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாந்தியிலும் எனக்குப் பொறாமைதான்.

டொக்டர் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். தங்கையைப் பரிசோதித்துவிட்டு வந்து கதிரையில் இருந்து, வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனார். வாந்தி குறைவா, சாப்பிட ஏலுமா, தலை சுற்றுகிறதா. பிறகு அதே குரலில், "புருசனோடை சேரேக்கை நோ ஏதும் இருக்கே? இரத்தம் படுகுதே?" என்றார்.

தங்கை தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துச் சிரித்தாள். "சீச்சீ, இல்லை டொக்டர்."

அந்தச் 'சீச்சீ'யை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு நோகுது" என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திறந்த வாயை மூட முடியவில்லை. "எனக்குத்தான் நோகுது டொக்டர். இவளுக்கு ஒண்டும் நோகாது. இவளுக்கு எப்பவும் எல்லாம் நல்லாத்தான் நடக்கும்."

டொக்டர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நீர் கொஞ்சம் வெளியிலை இரும்" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வாசலிலை நோகுதோ, உள்ளுக்கை ஆழத்திலை நோகுதோ?"

அதில் இப்படி இரண்டு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்து, "வாசலிலை" என்றேன்.

"கலியாணம் கட்டின நேரமும் இருந்ததோ?"

"இல்லை. பிள்ளை பிறந்தாப் பிறகுதான்."

"தையல் போட்டதோ?"

"ஓம்."

"பிள்ளை இப்பவும் பால் குடிக்கிறாவோ?"

"ரெண்டு வயசாகுது. எண்டாலும் விடுறாள் இல்லை."

"எரியிற இடத்தை என்னத்தாலை கழுவுறனீர்?"

அதற்கு மட்டும் நான் பெருமையோடு பதில் சொன்னேன். "டெற்றோல் விட்ட தண்ணியாலை. ஒவ்வொரு நாளும்." அவர் பேனையைக் கீழே வைத்தார்.

பரிசோதிக்கக் கட்டிலில் படுக்கச் சொன்னார். என் தொடை இரண்டும் தாமாகவே இறுகிவிட்டன. அவர் பொறுத்து நின்றார். "நான் மெல்லத் தொடப்போறன். நொந்தால் சொல்லும், உடனை கையை எடுத்திடுவன்" என்றார். தொட்டுக்கொண்டு வந்து ஒரு இடத்தில் பட்டதும் நான் கத்தினேன். அவர் சொன்னபடியே கையை எடுத்துவிட்டார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அழுகை வந்தது. சொன்னால் நிறுத்துவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை, நான் யாருக்கும் சொன்னதே இல்லையே.

பிறகு விளக்கமாகச் சொன்னார். பிள்ளை பிறந்தபோது கிழிந்து தைத்த இடத்தில் தழும்பு தடித்துப்போய் இருக்கிறது, இழுபடும்போது நோகிறது. பால் கொடுக்கிற காலத்தில் உடம்பில் ஈரப்பசை குறையும், வறண்டுபோய் உரஞ்சும். போதாததற்கு டெற்றோல் தோலைத் தின்றிருக்கிறது. இவ்வளவும் நொந்து நொந்து, இப்போது நோகும் என்ற பயத்திலேயே தசை இறுகிக்கொள்கிறது. கண்ணுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனால் இமை மூடுகிறதுபோல. அதை நீர் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். எல்லாப் பெண்களுக்கும் காரணம் இதுவாக இருக்காது, சிலருக்குக் கிருமியால் நோகும், சிலருக்குக் கருப்பையிலோ சூலகத்திலோ கோளாறு இருந்து ஆழத்தில் நோகும், அதனால்தான் இவ்வளவும் கேட்டேன் என்றார். கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சில் தொட்டும் எடுத்துக்கொண்டார்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் தரவில்லை. டெற்றோலும் சவர்க்காரமும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். இளஞ்சூட்டு நீரில் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். தழும்பில் சுத்தமான எண்ணெய் தடவி விரலால் மெல்ல நீவவேண்டும். அந்தத் தசையை இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்திப் பழகவேண்டும். நோவு குறையும்வரை சேரக்கூடாது. பிறகும் அவசரப்படக்கூடாது. இப்படியும் சுகம் வராவிட்டால் தழும்பை வெட்டிச் சரிசெய்யலாம், அது பிறகு பார்க்கிற விஷயம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்தமுறை அவரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

திரும்பி வரும் பஸ் பண்ணைப் பாலத்தில் கடலைத் தாண்டியது. தங்கை கேட்டாள். "அக்கா, அப்ப இவ்வளவு விரதமும்?"

"ஓம். அதுக்குத்தான்."

"பெருங்கதையுமே?"

"பெருங்கதையும்தான். வாயை மூடு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன்ரை பக்தியைச் சொல்லிச் சொல்லியே அம்மா எனக்கு ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட விடுறேல்லை. எனக்கு உன்னைப் பாத்தால் எவ்வளவு எரிச்சல் தெரியுமே?" என்றாள். அவளுக்கு என்மேல் பொறாமை என்று கேட்டதும் எனக்கு மனது குளிர்ந்துபோனது. மகராசி, இதை முதலே சொல்லியிருக்கலாம்.

கணவரிடம் சொல்வதற்கு மாசி வரை எனக்கு வாய் வரவில்லை. மாசியில் வேலி அடைத்தோம். ஓலை வேலிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் நின்று நீண்ட குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் நீட்டவேண்டும். மற்றவர் மறுபக்கம் நின்று கயிற்றை வாங்கித் தடியைச் சுற்றித் திருப்பி அனுப்பவேண்டும். வழக்கமாக அவர் அந்த வேலைக்கு ஆள் பிடிப்பார். பயணத்துக்குக் காசு சேர்க்கிற காலம் என்பதால் அந்த வருடம் என்னைக் கூப்பிட்டார். புதிய ஓலை வைத்த பிறகு ஆளை ஆள் தெரியாது. அவர் குரல் மட்டும் கேட்கும், ஊசி மட்டும் வரும். அவர் முகம் தெரியாத இடம் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்கு நோகுது."

"ஊசி குத்திப்போட்டுதே?"

"ஊசி இல்லை. உங்களோடை சேரேக்கை. மகள் பிறந்ததிலை இருந்து. டொக்டரிட்டையும் காட்டினனான். இந்த விரதம் எல்லாம் அதுக்குத்தான் பிடிச்சனான்."

குத்தூசி வரவில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். ஆள் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஓலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நான் நினைச்சனான், உமக்கு என்னிலை அருவருப்பெண்டு. கடையும் இல்லை, உழைப்பும் இல்லை, வீட்டோடை கிடக்கிற மனிசன். அதுதான் போறனெண்டு ஒத்துக்கொண்டனான்." கொஞ்சம் நிறுத்தினார். "சொன்னால் சிரிப்பீர். கோயிலுக்குப் போனால் எனக்குக் கும்பிட மனம் வாறேல்லை. முருகனைப் பாத்தால் பத்திக்கொண்டு வருது. எனக்குத் தாலி கட்டிப்போட்டு இவனோடை எல்லோ குடும்பம் நடத்திறாள் எண்டு."

"தாலி கட்டினது நீங்கள்" என்றேன்.

"ஓம், அதுதானே. கட்டினது நான்."

நான் சிரித்தேன், அழவும் செய்தேன். வாய் திறந்த வேகத்தில் மற்றதையும் கேட்டுவிட்டேன். "உங்களை ஒளிச்சு வைச்சிருந்தாவே, அந்த மனிசி..."

"அவவுக்கென்ன?"

"வயசு கேட்டனான். நீங்கள் சொல்லேல்லை."

"அவவுக்குப் பேரப்பிள்ளையள் இருக்கு. வயசு தெரியாதெண்டுதானே சொன்னனான்."

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வேலியை அன்றைக்கு அரைவாசியில் விட்டோம்.

அடுத்த முறை அவரும் வந்தார். டொக்டர் பேசி முடியும்வரை சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ நிப்பாட்டச் சொன்னால் நீங்கள் நிப்பாட்டவேணும். மருந்திலை பெரிய பங்கு அதுதான்" என்று டொக்டர் சொன்னபோது மட்டும் திரும்பி, "ஓம் டொக்டர்" என்றார். கிருமி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. மகளைப் பால் மறக்கப் பண்ணினேன், அவள் பாடு பெரும்பாடாக இருந்தது. சுடுநீர், எண்ணெய், மூச்சு என்று வாரங்கள் போயின. விரதங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். அம்மா என்னை நாத்திகக்காரி என்றார். ஒரு தடவை முயன்று பார்த்தபோது திரும்பவும் நொந்தது. "ஏலாது" என்றேன். அவர் நிறுத்திவிட்டு எழும்பி இருந்து, எரிந்துபோன கடையில் ஒரு காலத்தில் சனம் பாண் வாங்க வரிசை நின்ற கதை ஒன்றைச் சொன்னார். எனக்கு அந்தக் கதை முழுவதும் நினைவில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு நாள் நோகவில்லை. அது ஒரு அதிசயமாக வந்து இறங்கவில்லை. அன்றைக்கு நான் பயப்பட மறந்துபோயிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் ஜேர்மனிக்குப் போகமாட்டேன் என்றுவிட்டார். அம்மா கத்தினார். ஆனால் அந்த நேரம் கடலில் நேவி வந்து நின்றது, இளம் பொடியளைப் பிடித்துக்கொண்டு போகிற கதைகள் ஒவ்வொரு நாளும் வந்தன. தங்கையின் புருஷன் வயதில் இளையவர். இருவரில் இவரை அனுப்புவதுதான் நல்லது என்று பேச்சு மெல்லத் திரும்பியது. அவரும் ஒத்துக்கொண்டார். வைகாசியில் தங்கை நிறைவயிற்றோடு படலையடியில் நின்று தன் புருஷனை ஜேர்மனிக்கு அனுப்பினாள். ஆடியில் அவளுக்கு மகன் பிறந்தான்.

அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன் ஒரு காலை. நான் தலை முழுகிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். என் கணவர் தண்ணீர் அள்ளித் தந்தார். ஏதோ சொன்னார், நான் சிரித்தேன், வாளித் தண்ணீரை அவர்மேல் விசிறினேன். திரும்பினால், தங்கை பிள்ளையின் ஈரத்துணிகளோடு வேலிப் பொட்டில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் தலை உதறியபோதெல்லாம் நான் குசினிக்குள் இருந்து பார்த்த அதே பார்வை அது.

கணவர் வாளியை வைத்துவிட்டு விலகிப் போனார். அவள் வந்து துணிகளைக் கல்லில் போட்டாள். பிள்ளை சுகமா, கடிதம் வந்ததா என்று நான் எதையெதையோ கேட்டேன். அவள் தண்ணீரை அள்ளித் துணியில் ஊற்றினாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, நீ அண்டைக்கு அந்த டொக்டரிட்டை வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்."